துயரக் கடலும் பங்கேற்பும்

காண்போரை உடலாலும் பங்கேற்க அழைக்கும் கலைப்படைப்புகள் இன்று பெருகியுள்ளன. அப்பங்கேற்பு நம்மிடம் கோருவது யாது? 2016-இல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் கலைக்கண்காட்சியில், சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா ஆஸ்பின்வால் மாளிகையில் அமைத்த ‘துயரக் கடல்’ இவ்வினாவை நம்முன் வைத்தது.

பெரிய கிடங்கொன்றில் கடல்நீர் தேக்கப்பட்டிருந்தது. சுவர்களிலிருந்த கவிதை வரிகளை வாசிக்க விரும்பியோர் நீரில் இறங்கியே நடக்க வேண்டியிருந்தது. 2015 செப்டம்பரில் துருக்கிக் கரையருகே மூழ்கி இறந்த சிரியச் சிறுவன் காலிப் குர்திக்கு இப்படைப்பு காணிக்கையாக்கப்பட்டது. கரையொதுங்கிய அவன் தம்பி ஆலனின் நிழற்படத்தை உலகமே கண்டது. காலிப்புக்கோ அத்தகைய படமில்லை. ஆகவே கவிஞரும் உருவமெதனையும் காட்டாது, நீரையும் சொல்லையுமே தந்தார். இப்படைப்பின் நேர்மை இதுவே.

ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. அந்நீர் ஆழமற்றது, விரும்பியபோது நாம் கரையேறலாம். காலிப்புக்கு அவ்வாய்ப்பு இல்லை. கால் நனைந்ததனாலேயே அவன் துயரில் பங்குபெற்றுவிட்டோம் என எண்ணுவோமாயின், கலை நமக்கு மலிவான ஆறுதலாகிவிடும். எனினும் இவ்விடைவெளியைப் படைப்பு மறைக்கவில்லை என்பது நம் கணிப்பு. நமது பாதுகாப்பை ஒவ்வோர் அடியும் நமக்கு உணர்த்திற்று. நீரினின்று வெளிவந்தபின், நம் வாயிலில் நிற்கும் அகதியை எவ்வாறு நடத்துகிறோம் என்பதே அவ்வினாவுக்கு நாம் அளிக்கவேண்டிய விடை.