திருத்தப்படியும் ஆசிரியர் கருத்தும்

ஆசிரியர் தம் கைப்படச் செய்த திருத்தமே அவர்தம் முடிந்த கருத்து எனக் கொள்வது பதிப்பாசிரியர் பலர்க்கு இயல்பு. அக்கொள்கை எவ்விடத்தும் பொருந்தாது என்பதை ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட்டின் ‘செயின்ட் ரோனன்ஸ் வெல்’ காட்டுகின்றது.

1823 இறுதியில் வெளிவந்த இந்நாவலின் தலைவி கிளாரா, காதலன் டிரெல் எனக் கருதி, அவனைப்போல் வேடங்கொண்டு வந்த அவனுடைய தாய் வேறான சகோதரனை மணந்து ஏமாறுகின்றாள். ஸ்காட் முதலில் எழுதியவாறு, அத்திருமணத்திற்கு முன்னரே அவளும் டிரெலும் கூடியிருந்தனர். அச்சகத்தாராகிய ஜேம்ஸ் பாலன்டைன், உயர்குடி மகளுக்கு இஃது ஏலாது எனத் தடை கூறினார். ஸ்காட் மனமின்றி இசைந்து, புரூப் எனப்படும் திருத்தப்படி நிலையில் அப்பகுதியை மாற்றினார்.

விளைவு யாது? காரணம் நீங்கிற்று, காரியம் நின்றது. கிளாராவின் ஆறாக் குற்றவுணர்வும் சித்தக் கலக்கமும் எஞ்ச, அவற்றின் வேர் மறைந்தது. பாத்திரப் படைப்பின் குறையாகத் தோன்றுவது உண்மையில் பாடத்தின் குறையேயாம்.

1995-இல் வந்த எடின்பரோப் பதிப்பு, கையெழுத்துப்படியையும் திருத்தப்படிகளையும் துணைக்கொண்டு முதற்பாடத்தை மீட்டது. ஆசிரியரே இசைந்த மாற்றத்தை நீக்குதல் தகுமோ எனின், வினா எளியதன்று. 1829 முதல் வெளிவந்த தம் திருந்திய பதிப்புவரிசையிலும் ஸ்காட் பழைய பாடத்தை மீட்டிலர். எனினும், மாற்றத்திற்கேற்பக் கதை முழுவதையும் அவர் சீர்செய்திலர் என்பதும் நோக்கத்தக்கது. பிழை களையும் திருத்தமும் பிறர் அச்சத்திற்கு இணங்கிய திருத்தமும் ஒரு தன்மையன அல்ல. திருத்திய கை எவருடையது என்பதோடு அமையாது, திருத்தத்தின் காரணம் எவருடையது என ஆராய்தலும் பதிப்பாசிரியர் கடனாம்.