புன்னகையின் பாதை

முகபாவத்தைக் கணிதத்தின் வசம் ஒப்படைப்பதா என்று தயங்கும் ரசிகர்கள், 1972-ல் அமெரிக்காவின் யூட்டா சர்வகலாசாலையில் ஃபிரெடெரிக் பார்க் கம்ப்யூட்டரில் அசைத்துக் காட்டிய முப்பரிமாண முகத்தை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சுமார் 400 புள்ளிகள், அவற்றை இணைத்துப் பரப்பிய சுமார் 250 பலகோணங்கள். அவ்வளவே அதன் சரீரம். அந்தப் பலகோணங்களின் விளிம்பு கண்ணை உறுத்தாதபடி நிழலை இழைத்துப் பூசும் உபாயத்தை, அதே இடத்தில் முந்தின வருஷமே ஆன்ரி கூரோ என்ற பிரெஞ்சுக்காரர், தம் மனைவியின் முகத்தில் கோடுகள் வரைந்து அளவெடுத்த உருவத்தில் பரீட்சித்திருந்தார்.

சாந்தமான முகத்தையும் புன்னகை பூத்த முகத்தையும் தனித்தனியே அளந்து, இரண்டிலும் புள்ளிகளின் எண்ணிக்கையும் இணைப்பும் மாறாமல் காத்து, அவற்றின் ஸ்தானத்தை மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக நகர்த்துவதே பார்க்கின் யுக்தி. சீரான வேகத்தில் நகர்த்தினால் பிறப்பது யந்திரத்தின் இளிப்பு; மனிதத் தசையோ மெல்லத் தொடங்கி, நடுவில் விரைந்து, மெல்லவே அடங்கும். அதற்காக அவர் கொசைன் வளைவைத் துணைக்கழைத்தார். ஒரு புன்னகையின் தயக்கத்துக்குத் திரிகோணமிதி வடிவம் தந்ததை நினைக்க நினைக்க என் வியப்பு குறைவதில்லை.

இமையின் விஷயம் இன்னும் சூட்சுமமானது. திறந்த இமையின் புள்ளிகள் மூடிய நிலையை நோக்கி நேர்கோட்டில் சென்றால், வழியில் விழியைத் துளைத்துக்கொண்டுதான் போகும். கோளத்தின் மேலுள்ள இரண்டு இடங்களுக்கு நடுவே குறுக்குவழி கோளத்துக்குள்ளேதானே இருக்கிறது! ஆகவே இமை விழியின் புறத்தைத் தழுவியே இறங்க வேண்டும். தாடையும் காதருகே உள்ள மூட்டைச் சுற்றி வில்லாகச் சுழல வேண்டும். பார்க் 1974-ல் அமைத்த முகம் இப்படித்தான் வாய் திறந்தது.

1987-ல் கீத் வாட்டர்ஸ், தசையையே கணிதமாக்கினார்: ஒரு நுனி எலும்பில் அசையாது நிற்க, மறுநுனி தோலைப் பற்றி, அருகிலுள்ளதை மிகுதியாகவும் எட்ட உள்ளதைக் குறைவாகவும் இழுக்கும். உடற்கூற்றுக்கு இதுவே விசுவாசமானது. ஆயினும் என் மனம், ஒரு முகத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் பார்க்கின் பழைய முறையின் பக்கமே சாய்கிறது. ஏனெனில் இன்றும் திரைப்படக் கலைஞர்கள் பல பாவங்களைத் தனித்தனியே செதுக்கி, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று கலக்கிறார்கள். சிரிப்பும் வாய் திறப்பும் ஒன்றாய்ச் சேருகையில் இரண்டு நகர்வுகளும் கூடிக் கடைவாய் கோணிவிடுவதால், அந்தச் சேர்க்கைக்கென்றே தனியாக ஒரு திருத்த வடிவத்தைக் கையால் செதுக்குகிறார்கள். அவர்களுடைய கைத்திறனை நான் தேடிப் பார்ப்பது அந்தக் கடைவாயில்தான்.