விடியற்காலைக் கஷாயமும் மதியச் சோறும்

மதுரை பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் வெளுக்கிறதுக்கு முன்னாலேயே மூலிகைச் சாறு விற்கிற தள்ளுவண்டி வந்துவிடும். அருகம்புல், வாழைத்தண்டு, பாகற்காய். நடை முடித்து வருகிற சர்க்கரை நோயாளிகள் பாகற்காய்ச் சாற்றை முகத்தைச் சுளித்தபடி ஒரே மடக்கில் இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, பேப்பர் பார்த்து, ஒன்பது மணிக்கு வெண்பொங்கல் முன்னால் உட்காருவார்கள். சாற்றுக்கும் பொங்கலுக்கும் நடுவில் மூன்று மணி நேரம். என் குறை அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றியதுதான். மூலிகையைப் பற்றியது அல்ல.

மூலிகையில் சரக்கு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரு சிறுகுறிஞ்சான் இலையை நிதானமாக மென்று துப்பிவிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டுப் பாருங்கள். மணலைப் போட்ட மாதிரி நறநறவென்று இருக்கும். இனிப்பு துளிகூடத் தெரியாது. அரை மணி நேரத்துக்கு ஜிகர்தண்டாவும் வீண். இந்த வித்தையைச் செய்கிற பொருளைப் பிரித்து, 1887-ல் ‘ஜிம்னெமிக் அமிலம்’ என்று பெயர் வைத்தவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில் சென்னை மாகாண அரசின் சிங்கோனா வேதியியலாளராக இருந்தவர்.

நாக்கில் இனிப்பு மறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடுமா? அதைச் சோதித்ததும் நம் ஊர்க்காரர்கள்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர் ஈ.ஆர்.பி. சண்முகசுந்தரம் குழுவினர், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் சிறுகுறிஞ்சான் சாரத்தை 18 முதல் 20 மாதம் வரை கொடுத்தார்கள். 1990-ல் வெளிவந்த முடிவின்படி ஐந்து பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நல்ல செய்திதான். ஆனால் 22 பேர் என்பது ஒரு டவுன் பஸ்ஸில் பாதிக் கூட்டம். வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. இந்த ஐந்து பேரை வைத்துக்கொண்டு இன்றைக்கு எத்தனை விளம்பரங்கள்!

இதைவிட உறுதியான சான்று கடலழிஞ்சிலுக்கு இருக்கிறது. சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீரில் ஆவாரை, கொன்றை, நாவல் இவற்றோடு சேர்கிற சரக்கு அது. இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்பார்கள். அந்த மரத்தில் கடைந்த குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிக்கிற வழக்கம் அங்கே உண்டு. 1997-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதிலிருந்து சலசினால் என்ற பொருளைப் பிரித்தார்கள். சோற்றின் மாவுச்சத்தைக் கடைசியாகக் குளுக்கோஸாக வெட்டுவது சிறுகுடலில் உள்ள ஒரு நொதி. சலசினால் அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். வெட்டு மெதுவாகிறது, சர்க்கரை திடுதிப்பென்று ஏறாமல் நிதானமாக ஏறுகிறது. டாக்டர்கள் எழுதித் தருகிற அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகளும் செய்வது இதே வேலைதான். இலங்கையில் 51 நோயாளிகளை வைத்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்திய சோதனையில், கடலழிஞ்சில் சேர்த்த தேநீர் குடித்த மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) ஓரளவு குறைந்தது. 2005-ல் அது வெளியானது.

இப்போது அந்த மூன்று மணி நேரத்துக்கு வருவோம். அகார்போஸைச் சாப்பாட்டின் முதல் வாயோடு போடச் சொல்வார்கள். ஏன்? நொதியை மறிக்கிற பொருள், சோறு குடலுக்கு வரும்போது அங்கே காத்திருக்க வேண்டும். ஆறு மணிக்குக் காவல்காரனை அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்குத் திருடனை எதிர்பார்த்து என்ன பயன்? வெந்தயத்துக்கும் இதுவே பொருந்தும். இரவு ஊறப்போட்டால் வழவழவென்று ஒரு கொழகொழப்பு வருகிறதே, அந்த நார்ச்சத்துதான் சோற்றோடு கலந்து சர்க்கரையை மெதுவாக விடுகிறது. சோறு இல்லாத வயிற்றில் அது யாரைத் தடுக்கும்? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990-ல் நடத்திய ஆய்வொன்றில் நாளுக்குக் கொடுத்தது 100 கிராம் வெந்தயப் பொடி. நாம் போடுவது ஒரு டீஸ்பூன், மிஞ்சிப்போனால் ஐந்து கிராம்.

அளவு என்றதும் கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் மூலிகைப் பொடி வாங்கியபோது நடந்த பேச்சு நினைவுக்கு வருகிறது. “காலைல வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் போடுங்க சார்.” “எந்த ஸ்பூன்ண்ணே?” “வீட்ல இருக்குறதுதான்!” எங்கள் வீட்டில் மட்டும் நான்கு அளவில் ஸ்பூன் இருக்கிறது. பொட்டலத்தில் எப்போது பறித்தது, எத்தனை சதவீதம் சாரம் என்ற விவரம் எதுவும் கிடையாது. ஒரே செடியானாலும் மண்ணும் பருவமும் மாறினால் உள்ளே இருக்கும் பொருளின் அளவும் மாறும்.

இனிப்புக்குக் கசப்பு எதிரி என்ற நம் நம்பிக்கை வேறு. பாகற்காயைப் பற்றி 2012-ல் காக்ரேன் அமைப்பு, 479 பேர் பங்கேற்ற நான்கு சோதனைகளை அலசிவிட்டு, சர்க்கரைக்கு மருந்தென்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. கசப்பெல்லாம் மருந்தும் இல்லை: கசக்கிற சுரைக்காய்ச் சாறு ஆளைக் கொல்லக்கூடிய நஞ்சு. வாயில் வைத்ததும் கசந்தால் கொட்டிவிட வேண்டும். ஆவாரம் பூத்த ஊரில் சாவு ஏது என்று கேட்கிற சொலவடையை நம்பி, மாத்திரையை நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டே டாக்டரிடம் சொல்லாமல் பொடியையும் போட்டு, வியர்த்து நடுங்கி விழுந்தவர்களும் உண்டு.

சமையலறை இந்த விஷயத்தில் கடைக்காரரைவிடக் கெட்டி. வெந்தயக் குழம்பு, பாகற்காய்ப் பொரியல், கீரைக் கூட்டு எல்லாம் சோற்றோடு இலைக்கு வருகின்றன. நேரம் தப்பவில்லை, தப்பியது சோற்றின் அளவு. பழங்காநத்தம் உழவர் சந்தையில் வாங்கிய பாகற்காயை இரண்டு துண்டு வைத்துக்கொண்டு, வெள்ளைச் சோற்றை மலையாகக் குவித்தால் எந்தச் செடியும் ஈடுகட்டாது. (முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் திறந்தது 1999 நவம்பர் 14. உலக நீரிழிவு நாளும் நவம்பர் 14. தற்செயல்தான்.)

எனவே பொடி சாப்பிடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாத்திரையை நிறுத்தாமல், பொடி சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் பொடியோடும் ஒரு வாரம் பொடி இல்லாமலும் அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்த்து, காலண்டர் தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள்.