துணைமாந்தர்க்கு அளவு யாது?

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜியன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் கதையாட்டத்தில், வலிமை, அறிவு முதலிய ஆறு திறன்களை மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை 3 முதல் 18 வரை அளக்கும். ஆட்டக்காரர் எவரும் ஏற்காத துணைமாந்தர்க்கோ ஆட்டத்தை நடத்துபவரே அளவு குறிப்பார். எதிர்வரும் வீரனுக்கேற்ப அதனைக் கூட்டிக் குறைப்பதா? அம்மாந்தரின் வாழ்வுக்கேற்ப நிலையாக வைப்பதா? இவ்வினா காப்பியத்திற்கும் உரியதே.

கம்பனை நோக்குவோம். எதிர்ப்போர் வலிமையில் பாதி வாலியைச் சேரும் என்பது வரம். அவனது அளவு எதிரியோடு உயர்வது; நேர்நின்று வெல்லுதல் அரிது. இராமன் மறைந்தே அம்பு தொடுக்கிறான். எனினும் வாலியை நம் நெஞ்சில் நிறுத்துவது அவ்வரமன்று. அம்பு தைத்து வீழ்ந்தபின், வரம் உதவாத நிலையில், அவன் தொடுக்கும் வினாக்களே.

சடாயு முதியவன். அவன் பொருட்டு இராவணனின் ஆற்றலைக் கவிஞன் குறைத்தானல்லன். தேரைச் சிதைத்த சடாயு, சிவன் அருளிய வாளுக்கு வீழ்கிறான். வெற்றி பெறாதவன் இராமன் கையால் ஈமக்கடன் பெறுகிறான்.

பீடோர் வட்டாரத் தோட்டக்கதை எழுதும் மாணவர், தலைவன் எளிதில் வெல்லுமளவுக்கே கங்காணியை வலியவனாக்குகின்றனர். அக்காலக் கங்காணியின் பிடியில் பெரட்டும் கடனும் இருந்தன. அவ்வளவைக் குறைத்தெழுதின், அவனை எதிர்த்து நின்ற பால்மரத் தொழிலாளியின் துணிவும் உடன் குறைந்துபோம். ஆசிரியர் திருத்தவேண்டிய முதற்பிழை இதுவே.