மாவளிப் பொறி

முழுநிலவு கார்த்திகை நட்சத்திரத்தையொட்டி நிற்பதால் கார்த்திகை மாதத்துக்கு அந்தப் பெயர். அந்த மாதத்தில் வரும் திருக்கார்த்திகை அன்று அகல் வரிசையை எல்லோரும் ரசிக்கிறோம். எனக்கு அதைவிடப் பிடித்தது மாவளி. ஆண்பனையின் பூவைக் காயவைத்து, குழியில் மூட்டம் போட்டுக் கரியாக்கி, நையப் பொடித்து, பழந்துணியில் இறுக்கிச் சுருட்ட வேண்டும். கைப்பக்குவம் எல்லாம் அந்தச் சுருட்டலில்தான். தளர்ந்துபோனால் பொறி மொத்தமாகக் கொட்டித் தீர்ந்துவிடும். பிளந்த பனைமட்டைகளின் நடுவே அதை வைத்துக் கட்டி, முனையில் கங்கு பற்றியதும், கயிற்றைப் பிடித்துத் தலைக்குமேல் சுழற்றுவார்கள். காற்று 'உய்ங்' என்று கிழிபடும். பொன்னிறப் பொறிகள் வட்டம் வட்டமாய்ச் சிதறும். வெடிச்சத்தம் இல்லை, மருந்து நெடி இல்லை, கருகிய பனையின் மணம் மட்டும். இதற்காகவே பல நாள் முன்பு பனம்பூ பொறுக்கப் போகும் கிராமத்துச் சிறுவர்களின் பொறுமை எனக்குப் பெரிய வியப்பு. ஒருவன் கை ஓய்வதற்குள் கரி படிந்த இன்னொரு கை கயிற்றுக்கு நீண்டுவிடும்.