கூரையோடு நின்றுவிடும் மானியம்

நெய்வேலியில் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கையில் தூக்கிப் பார்க்கலாம். அது ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி. ஒரு டன் எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மேல்மண்ணை அகற்ற வேண்டும். அடியிலுள்ள ஊற்றின் அழுத்தம் தணிய இரவும் பகலும் நீரை இறைக்க வேண்டும். 2023 ஜூலையில் சுரங்கப் பணிக்காக வளையமாதேவியில் வயலில் நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் இறங்கியதும் இந்தக் கணக்கில் சேரும். வீட்டு மின்சிக்கனத் திட்டங்களை எடைபோட இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: ஒரு ரூபாய்க்கு எத்தனை யூனிட் மிச்சமாகிறது? அந்த ரூபாய் யார் வீட்டு வாசல்வரை போகிறது?

முதலில், வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பொருத்த மானியம் தரும் பிரதமரின் சூரிய வீடு திட்டம். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், இலக்கு ஒரு கோடி வீடுகள். இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, உச்சவரம்பு 78,000. எழுதப்படிக்கத் தெரிந்த எவரும் தமக்குரிய தொகையைத் தாமே கணக்கிட்டுவிடலாம். பணமும் நேராக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. நம் மானிய வரலாற்றில் இத்தனை தெளிவு அபூர்வம். முறையியலில் இத்திட்டம் தேறிவிட்டது.

மாநிலக் கொள்கையோடு இசைவதில்தான் தேறவில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது தமிழ்நாட்டில் 2016 முதல் நடப்பு. 2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்துப் பார்ப்போம். 300 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு பில் 675 ரூபாய். 600 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு 2,750. நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். முதல் குடும்பம் கைப்பணம் போட்டால் அது திரும்பி வர ஒன்பது பத்து ஆண்டுகள் ஆகும். இரண்டாவது குடும்பம் இரண்டு கிலோவாட் போட்டால் நான்கைந்து ஆண்டில் முதலை எடுத்துவிடும். மாநிலத்தின் கட்டணச் சலுகை சிக்கனமாக இருப்பவரைத் தாங்குகிறது. மத்திய அரசின் மானியமோ அதிகம் செலவழிப்பவருக்கே அதிகம் பலிக்கிறது. தனித்தனியே நியாயமான இரண்டு கொள்கைகள் ஒரே மீட்டரில் முட்டிக்கொள்கின்றன.

இதைவிட ஆழமான குறை நகரியத்துக்குள் நுழைந்தால்தான் தெரியும். சூரிய வீடு மானியத்துக்கு முதல் தகுதி சொந்த வீடு, சொந்தக் கூரை. நெய்வேலியின் வட்டங்களில் வீடு, சுரங்கத்தையும் மின் நிலையங்களையும் நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்துடையது. ஊழியர் பணி ஓய்வு பெறும் நாளோடு குவார்ட்டர்ஸின் சாவியும் கைமாறும். மின் நிலையம் தன் ஊழியர் குடியிருப்புக்கு மின்சாரம் தரத் தனி உரிமம் வேண்டியதில்லை என்று 2005-லேயே மத்திய அரசு ஆணையிட்டது. மானியமோ விநியோக நிறுவனத்தின் இணைப்பு வழியாக வருவது. ஆகவே வடலூரிலும் பண்ருட்டியிலும் சொந்த மாடி வைத்திருப்பவருக்குக் கிடைப்பது, மின்சாரத்தை உண்டாக்கும் தொழிலாளியின் வாசலில் நின்றுவிடுகிறது. கூரையை மட்டுமே அறிந்த ஒரு திட்டத்துக்கு அதன் கீழே குடியிருப்பவர் கண்ணில் படவில்லை. இதை நடைமுறைச் சிக்கல் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. இது வடிவமைப்பிலேயே உள்ள பிழை.

என்.எல்.சி.யின் சாதனையைக் குறைத்துச் சொல்வதும் நேர்மையாகாது. சோவியத் உதவியோடு 1962-இல் மின்னுற்பத்தி தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. 1,000 மெகாவாட் புதிய நிலையம் குறைந்த கரியில் அதே மின்சாரத்தைத் தருகிறது. நெய்வேலியிலேயே 10 மெகாவாட், 130 மெகாவாட் சூரிய நிலையங்கள் உண்டு. இவை உற்பத்தித் தரப்பின் வெற்றிகள். வீட்டுக்குள் நடக்கும் நுகர்வை இவை தொடவே இல்லை. ஒரு காலத்தில் ‘லெகோ’ என்ற பெயரில் அடுப்புக்கான கரிக்கட்டிகளைச் செய்து விற்ற நிறுவனம் இது. வீட்டுச் சமையலறை அன்று அதன் சிந்தனைக்குள் இருந்தது.

ஒப்பிட ஒரு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் மானியம் எதுவும் தராமல், மொத்தக் கொள்முதலால் மட்டும் எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலையை 310 ரூபாயிலிருந்து 38-க்கு இறக்கியது. பல்பு வாங்கக் கூரை வேண்டாம். குடிமாறுகிறவர் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். தன்மையில் எளிய இந்தத் திட்டத்தை, சாதனையில் சூரிய வீட்டுக்கு மேலே வைக்கிறேன்.

அதே தர்க்கம் மின்விசிறிக்கும் பொருந்தும். பழைய விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. எனும் சிக்கன மோட்டார் விசிறி சுமார் 30 வாட். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுழன்றால் மூன்று விசிறிகள் ஆண்டுக்கு 720 யூனிட்டுக்கு மேல் மிச்சம் தரும். விலை மொத்தம் 9,000 ரூபாய் அளவில். ஆண்டுக்கு ஒரு யூனிட் மிச்சமாக்க 12 ரூபாய் 50 காசு முதலீடு. மூன்று கிலோவாட் சூரியத் தகட்டுக்கு மானியமும் கைப்பணமும் சேர்த்து 1,80,000 ரூபாய் என்று கொண்டால், அதே கணக்கு 40 ரூபாயைத் தாண்டுகிறது. தகடு 25 ஆண்டு உழைக்கும், விசிறி அவ்வளவு தாங்காது என்பது சரியான மறுப்பு. விசிறிக்குப் பத்தே ஆண்டு என்று வைத்தாலும் இடைவெளி குறையுமே தவிர முடிவு மாறாது. 2023 நவம்பரில் மத்திய அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். சிக்கன விசிறித் திட்டம் அறிவித்ததை இதனால்தான் சூரியத் தகட்டைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

என் தீர்ப்பு இது. சூரிய வீடு, உற்பத்தித் திட்டமாக நன்று. வீட்டுச் சிக்கனத் திட்டமாக அரைகுறை. நெய்வேலி குவார்ட்டர்ஸைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமம். அந்த இடத்தை நிரப்ப என்.எல்.சி. டெல்லி ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயிரம் குவார்ட்டர்ஸில் மும்மூன்று விசிறிகளை மாற்ற ஏறத்தாழ 90 லட்சம் ரூபாய் ஆகும். ஆண்டுக்கு 7 லட்சம் யூனிட் மிஞ்சும். சுமார் 700 டன் கரி மண்ணுக்குள்ளேயே கிடக்கும்.