எஸ்.க்யூ.3.ஆர்: சொல்லிப் பார்ப்பதும் ஒப்பிப்பதும்

அக்கா பையன் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். தெர்மோடைனமிக்ஸில் அரியர் விழுந்ததும் அக்கா அவனை ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "படிக்கத்தான் செஞ்சேன் மாமா, மண்டையில நிக்கல" என்றான். கூடவே கல்லூரியில் கொடுத்த ஒரு பக்கத் தாளையும் நீட்டினான். பாடப்புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று ஐந்து படிகள். எழுதியவர் பெயர் இல்லை.

முறைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் ஃபிரான்சிஸ் ராபின்சன். 1946-ல் வந்த 'எஃபெக்டிவ் ஸ்டடி' புத்தகத்தில் எஸ்.க்யூ.3.ஆர் என்று பெயர் வைத்தார். சர்வே, கொஸ்டின், ரீட், ரிசைட், ரிவ்யூ. அதாவது அத்தியாயத்தை மேலோட்டமாகப் பார், தலைப்பைக் கேள்வியாக்கு, பதிலைத் தேடிப் படி, புத்தகத்தை மூடிச் சொல்லிப் பார், கடைசியில் மொத்தமாகத் திரும்பிப் பார். உலகம் முழுக்க இன்றும் காலேஜ் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது பெரும்பாலும் இதன் ஏதோ ஒரு வடிவம்தான்.

நம்ம ஊரில் இது எங்கே இடிக்கிறது?

முதல் இடி, கேள்வியில். 'கிளாசியஸ் ஸ்டேட்மென்ட்' என்பது தலைப்பு. அதைக் கேள்வியாக்கினால் 'கிளாசியஸ் ஸ்டேட்மென்ட் என்றால் என்ன?' இது கொஸ்டின் பேங்கில் ஏற்கெனவே இருக்கும் டூ மார்க் கேள்வி! எப்படிப்பட்ட கேள்வி கேட்கணும் என்று தாளில் ஒரு வரி இல்லை. பையன் பதிலை இங்கிலீஷில் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னான்.

"சரி மாப்ள, கதவு ஜன்னலெல்லாம் சாத்தின ரூம்ல ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வச்சா ரூம் குளிருமா?"

"குளிரும் மாமா."

குளிராது, சூடாகும். உள்ளே இருந்து எடுத்த வெப்பத்தோடு கம்ப்ரசருக்குப் போன கரன்ட்டும் சேர்ந்து வெப்பமாகி அதே ரூமில்தான் விழுகிறது. வேலை செய்யாமல் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பத்தைக் கொண்டுபோக முடியாது என்பதுதான் கிளாசியஸ் சொன்னது. பையன் ஒப்பித்ததும் அதையேதான்.

இரண்டாவது இடி, மொழியில். 'ஹீட் ரிஜெக்டட்' என்று புத்தகத்தில் வருகிறது. "நிராகரிச்ச வெப்பம்னா, வேண்டாம்னு சொன்ன வெப்பமா மாமா?" என்று கேட்டான். வெளியே தள்ளிய வெப்பம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. வாக்கியம் புரியும் என்று வைத்துக்கொண்டுதான் ராபின்சனின் ஐந்து படிகளும் ஆரம்பிக்கின்றன. இங்கே பல பேருக்கு அதற்கு முன்னால் இன்னொரு படி வேண்டும்.

மூன்றாவது இடிதான் பெரிசு. 'ரிசைட்' என்றதும் நமக்குத் தோன்றுவது ஒப்பித்தல். ராபின்சன் சொன்னது அதற்கு நேர் எதிர். சொந்த வார்த்தையில் சொல்லணும், ஒரு உதாரணமும் தரணும். தாளில் இந்த இரண்டு நிபந்தனையும் காணோம். மருந்துச் சீட்டில் மருந்து பெயரை விட்டுவிட்டு 'தினம் மூன்று வேளை' என்று மட்டும் எழுதின மாதிரி.

புத்தகத்தை மூடிச் சொல்லிப் பார்ப்பது வீண் வேலை இல்லை. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரே பகுதியை இரண்டு தடவை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு தடவை படித்து, பிறகு பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து முன்னவர்கள் 42, பின்னவர்கள் 56. பரீட்சைக்கு முந்தின ராத்திரி திரும்பத் திரும்பப் படிப்பது ஏன் அவ்வளவு தெம்பாகத் தெரிகிறது, அடுத்த செமஸ்டரில் ஏன் ஒன்றுமே மிஞ்சுவதில்லை என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. ஆனால் அவர்கள் அளந்தது நினைவை. ஃப்ரிட்ஜ் கேள்விக்குப் பதில் சொல்ல நினைவு மட்டும் போதாது.

இந்த இடத்தில் எனக்கு நன்னூல் ஞாபகம் வந்தது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம். பாடம் கேட்பது பற்றி அதன் பாயிரத்தில் ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் சொன்னதை முழுசாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் வரும். இந்தப் பங்குகளை யாரும் அளந்து வைத்ததில்லை, அனுபவக் கணக்குதான். ஆனாலும் தாள் விட்டுவிட்ட விஷயம் இதில் இருக்கிறது. சுவரைப் பார்த்து ஒப்பிக்கலாம். எதிரே ஆள் இருந்தால் "ஏன்?" என்று கேட்பார்.

அதனால் நாங்கள் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். ஒரு தலைப்பு படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, காமர்ஸ் படித்த என் மனைவிக்குத் தமிழில் விளக்கணும். வீட்டில் இருக்கும் ஒரு பொருளை உதாரணமாகக் காட்டணும். அவளுக்குப் புரியாத இடம்தான் அவன் திரும்பப் படிக்க வேண்டிய இடம்.

இதிலும் குறை உண்டு. ஒரு யூனிட்டுக்கு ஒரு வாரம் ஆகிறது. செமஸ்டருக்கு ஆறு பேப்பர் என்றால் எல்லாவற்றுக்கும் கட்டுப்படியாகாது. டூ மார்க்கை மனப்பாடம் செய்பவனைச் சோம்பேறி என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படித்தான் பி.இ. பாஸ் செய்தேன், தெர்மோடைனமிக்ஸில் நல்ல மார்க்கோடு. ஃப்ரிட்ஜ் கேள்விக்கு விடை தெரிந்தது வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான்.

அரியர் பரீட்சை அடுத்த மாதம். நேற்று என் மனைவி, "அப்போ ஏசி போட்டா மட்டும் ரூம் எப்படிக் குளிருது?" என்று கேட்டாள். பையன் பதில் சொல்லாமல் எழுந்து போய், வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் ஏசி பெட்டிக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.